ஏழு ஏ பக்கத்துக் கோடு

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் ரிப்போர்ட் போடுவதெல்லாம் ஒரு வேலையே கிடையாது. ஒரு கட்டத்தை இழுத்து வந்து இன்னொரு கட்டத்துக்குப் பக்கத்தில் விட்டால் முடிந்தது. இங்கே ஒரு ஊரைத் தொட்டால் அங்கே கிராஃப் அந்த ஊருக்கு மாறிவிடும். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, "எப்படிண்ணா அதுக்குத் தானாத் தெரியுது?" என்று கேட்டாள். "தானா எல்லாம் தெரியாது. யாரோ ஒருத்தர் உள்ள சொல்லிவிட்டுட்டுத்தான் இருக்காங்க. இப்ப அது நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றேன். செம டயலாக் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் "ஓ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

எனக்குத்தான் அந்தச் சாம்பல் நிற ஜன்னல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

படித்து முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை சேலம் அம்மாபேட்டையில். கீழே நூல் கடை, மேலே எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் மூன்று கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் கேன், மாடிப்படியில் வழிமறித்துக் கிடக்கும் நூல் மூட்டைகள். பக்கத்துச் சந்தில் தறி ஓடும். ஃபோன் பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குத்தான் ஓட வேண்டும். நாங்கள் செய்தது கோழிப்பண்ணைகளுக்கான சாஃப்ட்வேர். நாமக்கல் பக்கம் பண்ணைக்குப் பஞ்சமா? செட்டு என்றால் கோழிக் கொட்டகை. செட்டு செட்டாக எத்தனை கோழி, எவ்வளவு தீவனம், எத்தனை முட்டை என்று தினமும் ஏற்றுவார்கள். மாதக் கடைசியில் செட்டுக்கு ஒரு பக்கம் என்று ரிப்போர்ட் வரும்.

எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவள் எனக்கு ஒரு வருடம் மூத்தவள். அம்மாபேட்டையே அவளுக்குச் சொந்த ஊர். நடந்து வருவாள், நடந்து போவாள், மதியம் வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வந்து என் டிபன் பாக்ஸைப் பார்த்துச் சிரிப்பாள். ரிப்போர்ட் போடும் சாஃப்ட்வேரை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அதற்காக மரியாதை எல்லாம் கொடுத்ததில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை.

"டேய், இங்க பாரு. இது மெயின் ரிப்போர்ட்டு. ஒரு பக்கம், ஒரு செட்டு. பக்கத்துக்கு நடுவுல இந்தப் பெட்டி இருக்குதில்ல? இது தனி ரிப்போர்ட்டு. உள்ள சொருகி வெச்சிருக்கோம். இதுக்குள்ளதான் முட்டை கிராஃப் வரணும்."

"சரி, வருதில்ல?"

"வருது. எந்தச் செட்டோடது வருது?"

"அந்தப் பக்கத்துல இருக்கற செட்டோடது."

"அது அதுக்கு எப்படிடா தெரியும்? ஹோட்டல் சமையக்கட்டு மாதிரி இது. உள்ள தோசை ஊத்தறவருக்கு வெளிய எந்த டேபிள்ல யார் உக்காந்திருக்காங்கன்னு தெரியுமா? சர்வர் வந்து 'மூணாம் டேபிளுக்கு ஒரு ரோஸ்ட்டு'ன்னு ஜன்னல்ல கத்தினாத்தான் ஊத்துவாரு. கத்தலன்னா?"

"பட்டினி."

"இல்ல வேற எவனுக்கோ சொன்ன ரோஸ்ட்டு உனக்கு வரும். வாயை மூடிட்டுத் தின்னுட்டுப் போயிருவ."

அப்போது அவள் திரையில் திறந்து காட்டியதுதான் அந்தச் சாம்பல் ஜன்னல். இடது பக்கம் வெளி ரிப்போர்ட்டில் இருக்கும் விவரங்களின் பெயர்கள், வலது பக்கம் உள்பெட்டி எதிர்பார்க்கும் விவரங்களின் பெயர்கள். இந்தப் பக்கம் ஒன்றைத் தொட்டு, அந்தப் பக்கம் ஒன்றைத் தொட்டு, நடுவில் இருக்கும் அம்புக்குறியை அழுத்தினால் இணைப்பு விழும். ஒவ்வொரு பக்கம் அச்சாகும்போதும் வெளியே இருக்கும் செட்டு நம்பர் உள்ளே போகும், உள்ளே இருப்பது அந்த நம்பருக்கு உண்டான முட்டைக் கணக்கை எடுத்துக் கோடு போட்டுத் தரும். அவ்வளவுதான். அதை நான் அன்றைக்கே கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் "நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன்" என்று அவர் கேட்காமலே சொன்னேன்.

புதுச்சத்திரத்திலிருந்து சேந்தமங்கலம் பக்கம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு பண்ணை கஸ்டமர் இருந்தது. கொல்லிமலை அங்கிருந்து பார்த்தால் பக்கத்துத் தோட்டத்து வேலி மாதிரித் தெரியும். அந்த முதலாளி எங்கள் ரிப்போர்ட்டைக் காதலித்தார். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. மற்ற பண்ணைக்காரர்கள் எல்லாம் கம்ப்யூட்டரைக் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கு மாதிரி மூலையில் வைத்திருக்க, இவர் மட்டும் மாதக் கடைசியில் எங்களுக்கு ஃபோன் அடித்து, "சாமி, பிரிண்டு எப்பங்க?" என்பார். பேப்பர் வந்ததும் கண்ணாடி போட்டுக்கொண்டு, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, ஒவ்வொரு கோடாக விரலால் தடவிப் பார்ப்பார். கோடு ஏறினால் சிரிப்பார். இறங்கினால் அந்தச் செட்டைப் பார்ப்பவருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

அவரிடம் இன்னொரு விஷயம் உண்டு. எட்டு ஆகாது. அந்தப் பக்கத்தில் பல பேருக்கு ஆகாது. லாரி நம்பரைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது, ஃபோன் நம்பர் எட்டில் முடியக் கூடாது. இவர் ஒரு படி மேலே போய், செட்டுகளுக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை போட்டுவிட்டு அடுத்ததற்கு 7ஏ என்று பெயிண்ட் அடித்து, அதற்கடுத்து நேராக ஒன்பதுக்குத் தாவியிருந்தார். நான் முதல்முறை போனபோது சிரித்துவிட்டேன்.

"ஏனுங் தம்பி சிரிக்கறீங்?"

"ஒண்ணுமில்லைங்க."

"எட்டு சனியனுங்க. எவனோ ஒருத்தன் எட்டுன்னு போட்டான், செட்டே காத்துல போயிருச்சு."

"எந்த ஊர்லங்க?"

"ஏதோ ஒரு ஊர்ல" என்றார், அது எனக்குத் தேவையில்லாத கேள்வி என்பது போல. "நீங்க எந்தப் பக்கம்? பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு மாதிரி இல்லீங்களே."

"ஆத்தூருங்க."

"அதான்" என்றார். அதோடு என்னுடைய எல்லாக் குறைகளுக்கும் அவருக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

7ஏ செட்டில் முன்பெல்லாம் குஞ்சுகளைத்தான் வளர்ப்பார்கள். முட்டை விடும் பருவம் வந்ததும் வேறு செட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் 7ஏ-வுக்கு ரிப்போர்ட்டே போட்டதில்லை. அதில் முதல் முறையாக முட்டைக்கோழி விட்டது அவருடைய மகள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்லூரி முடித்துவிட்டு வந்து பண்ணை ஆபீஸில் ஃபோன் எடுப்பதும், முட்டை ஏற்றும் வண்டிக்குச் சீட்டு எழுதுவதுமாக இருந்தவர். தனக்கு ஒரு செட்டு தனியாக வேண்டும், தீவனம் எப்போது போடுவது என்பது உட்பட எல்லாம் தன் இஷ்டத்துக்குச் செய்ய வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டு வாங்கியிருந்தார். வெயில் காலத்தில் பகலில் கோழி தின்னாது, விடியும் முன்பும் பொழுது இறங்கின பிறகும்தான் போட வேண்டும் என்பது அவருடைய கட்சி. "எங்க காலத்துல எப்பப் போட்டாலும் தின்னுச்சு" என்பது அப்பாவுடைய கட்சி.

பேச்சுவார்த்தையில் முடிவானது இதுதான். ஒரு பேட்ச் அக்கா பார்க்கலாம். கோடு ஏறினால் அடுத்த பேட்சும் அவருக்கு. கோடு இறங்கினால் அந்தக் கோழிகளைக் கறிக்குக் கழித்து விற்றுவிட்டு, அக்கா மறுபடியும் ஃபோன் எடுக்கப் போக வேண்டும். இதை அக்காவே எனக்குச் சொன்னார், சிரித்துக்கொண்டே. சொல்லும்போது ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை.

கலர் பிரிண்டர் வாங்கியிருக்கிறேன், வந்து மாட்டிக் கொடுங்கள் என்று முதலாளி கூப்பிட்ட நாளில்தான் எல்லாம் நடந்தது. ஆபீஸில் எல்லாரையும் விட வேலை குறைவாக இருந்தவன் என்பதால் என்னை அனுப்பினார்கள். புதுச்சத்திரத்தில் இறங்கி, பண்ணை வண்டிக்குக் காத்திருந்து, தீவன மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். சட்டை முழுக்கக் கருவாட்டு வாசம். தீவனத்தில் கருவாட்டுத் தூள் கலப்பார்கள் என்பது காலேஜில் எவனும் சொல்லித்தராத பாடம்.

பிரிண்டரை மாட்டி, மாத ரிப்போர்ட்டை அனுப்பினேன். ஒவ்வொரு பக்கமாகச் சிவப்புக் கோடும் நீலக் கட்டமுமாக வந்தது. முதலாளி ஒவ்வொன்றையும் சூடாக வாங்கி வாங்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் சிரிப்பு. ஏழாவது செட்டின் பக்கம் வரும்போது காபி வந்துவிட்டது, பக்கத்தைப் பார்க்காமலே மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குக் கை நீட்டினார். 7ஏ. கோழிகள் முழுசாக விட ஆரம்பிக்கட்டும் என்று அக்கா தள்ளிப்போட்டு வந்ததால், அது அச்சாவது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்தப் பக்கத்தில் கோடு நேராகப் போய், கடைசியில் சறுக்கு மரம் மாதிரி இறங்கியிருந்தது.

"அம்மிணி" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "இங்க வா கண்ணு."

அக்கா வந்து பார்த்தார். முகம் மாறியது.

"இது இல்லைங்ப்பா."

"என்ன இல்லை? ஏழு ஏ-ன்னு மேல போட்டுருக்குதில்ல?"

"என்ற செட்டு நல்லா விடுதுங்க. காத்தால போய்ப் பாருங்க. முட்டை அட்டை அடுக்க எடமில்லாம வராண்டாவுல வெச்சிருக்கோம்."

"அட்டையை நானும் பாத்தேன். கண்ணுல பாக்கறது ஒண்ணு, கண்ணு. கம்ப்யூட்டரு கூட்டிக் கழிச்சுப் பாக்கறது ஒண்ணு. இறங்குதா இல்லையா, நீயே சொல்லு."

"இறங்குதுங்க. ஆனா..."

"அவ்வளவுதான். பேசினபடி பண்ணிக்கலாம்."

கோழி கழித்து வாங்கும் வியாபாரிக்கு அங்கேயே ஃபோன் போட்டார். "மத்தியானத்துக்கு மேல வண்டி அனுப்புங்க. ஏழு ஏ... ஆமாங்க, புதுக்கோழிதானுங்க, என்ன பண்றது, பொம்பளப் புள்ள ஆசப்பட்டுச்சுன்னு விட்டேன்." வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல ஒன்பதாம் செட்டின் பக்கத்தை வாங்கிப் பார்த்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, உங்க கம்ப்யூட்டரு பொய் சொல்லுது."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க அக்கா" என்றேன். அந்த வயதில் அந்த மாதிரி வாக்கியங்கள் எனக்குக் கைவசம் நிறைய இருந்தன.

"அப்ப வாங்க. வந்து பாருங்க."

செட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 7ஏ-வுக்குள் நுழைந்ததுமே என் காது அடைத்துப்போனது. கோழிகள் கூண்டுக்குக் கூண்டு தலையை நீட்டி என்னைத் திட்டின. கூண்டுக்கு முன்னால் சரிவான கம்பியில் முட்டை உருண்டு வந்து வரிசையாக நின்றது. எனக்குக் கோழி பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் அது சறுக்கு மரம் மாதிரி இறங்குகிற செட்டு இல்லை என்று எனக்கே தெரிந்தது. பக்கத்தில் ஏழாவது செட்டையும் காட்டினார். அங்கே கம்பியில் முட்டைக்கும் முட்டைக்கும் நடுவில் ஆள் உட்காரலாம்.

"இதுங்க வயசான கோழிங்க. இது அப்பா பாக்கற செட்டு. அவர் எதிர்ல யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

திரும்ப ஆபீஸ் அறைக்கு வந்தோம். முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அக்கா பேப்பரை மேஜையில் வைத்து, சாய்ந்து நின்று, அந்தக் கோட்டைப் பார்த்தார். எல்லாரும் கோட்டின் வலது நுனியைத்தான் பார்ப்பார்கள். இன்றைக்கு ஏற்றமா, இறக்கமா, அது தெரிந்தால் போதும். அக்காவுடைய விரல் இடது பக்கம் போனது.

"தம்பி, இது எந்த மாசம்?"

"சித்திரைங்க அக்கா. ஏப்ரல்."

"ஏப்ரல்ல கோடு இவ்ளோ ஒசரத்துல இருக்குது."

"ஆமாங்க."

"ஏப்ரல்ல என்ற கோழி ஒண்ணு கூட முட்டை விடல. அப்ப அதுங்க சின்னக் குஞ்சுங்க. ஆடி மாசந்தான் மொத முட்டையே. விடாத முட்டைக்கு எப்படிங்க கோடு வந்துச்சு?"

கைவசம் இருந்த வாக்கியங்கள் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. முதலாளி வரிசையாக அடுக்கி வைத்திருந்த பேப்பர்களிலிருந்து ஏழாவது பக்கத்தை உருவினேன். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். வெளியே நல்ல வெயில். இரண்டு கோடும் ஒரே கோடாகத் தெரிந்தது. ஒரு மயிரிழை கூட விலகவில்லை.

"அட!" என்றார் அக்கா. "இது ஏழோட கோடுங்க!"

ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அம்மாபேட்டையில் அவளும் மொட்டை மாடிக்கு ஓடி வரும் சத்தம் கேட்டது, பின்னால் தறிச் சத்தம்.

"என்னடா, பிரிண்டரை ஒடச்சிட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இணைப்பு இருக்கா பாத்தியா? இல்லேன்னா எல்லாப் பக்கத்துலயும் மொதல் செட்டுதான் வரணும். மத்ததெல்லாம் சரியா வருதுங்கற. அப்ப சர்வர் கத்தறான். ஆனா தப்பாக் கத்தறான். போய் அந்த ஜன்னலைத் தொற."

"ஈஸியா ஒண்ணு பண்ணிரலாம். 7ஏ-வுக்குப் பத்துன்னு நம்பர் மாத்திரலாம். அவர்கிட்ட நான் பேசறேன்."

"டேய் பக்கி. அவங்க செட்டுக்கு அவங்க என்ன வேணா பேர் வெப்பாங்க. உன் பெட்டிக்குப் புரியலைன்னா அவங்க பேரை மாத்திக்கணுமா? ஒழுங்கா ஜன்னலைத் தொற."

திறந்தேன். திறந்ததும் கரண்டு போனது. கம்ப்யூட்டர் மட்டும் யுபிஎஸ்ஸில் நின்றது. அது குஞ்சு மாதிரிக் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. மின்விசிறி நின்றதும் கருவாட்டு வாசம் இரண்டு மடங்கானது. அதே நேரம் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. காலிக் கூண்டுகள் அடுக்கிய லாரி.

அக்கா ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார், பிறகு என்னை. "எவ்ளோ நேரம் ஆகும் தம்பி?"

"இதோ ஆச்சுங்க அக்கா."

எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு படித்துக்காட்டினேன். வெளியே செட்டு நம்பர். உள்ளே செட்டு நம்பர். நடுவில் அம்பு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"உள்ள இருக்கறது என்ன வகை பாரு. எழுத்தா, எண்ணா?"

"எண்ணு."

"வெளிய?"

"எழுத்து. 7ஏ-ன்னு எழுதணுமில்ல."

"எழுத்தை எப்படிடா எண்ணுக்குள்ள விட முடியும்? நடுவுல ஏதாவது ஃபார்முலா இருக்கும், தேடு."

இருந்தது. எங்களுக்கு முன்னால் அந்த ரிப்போர்ட்டைச் செய்துவிட்டு பெங்களூருக்குப் பறந்துவிட்ட ஒரு மகராசன், வெளியே இருக்கும் நம்பரில் எண் எதுவரை இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கழற்றிவிட்டு உள்ளே அனுப்பும்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அவர் மேல் தப்பில்லை. உலகத்தில் எந்த ஊரில் ஏழுக்கு அப்புறம் 7ஏ வரும் என்று அவர் நினைத்திருப்பார்? சர்வர் ஜன்னலுக்கு வந்து "ஏழு" என்று மட்டும் கத்தியிருக்கிறார். உள்ளே இருந்தவர் ஏழாம் டேபிளின் தோசையை எடுத்து நீட்டியிருக்கிறார். மேலே 7ஏ என்று தலைப்பு வந்தது வெளி ரிப்போர்ட்டிலிருந்து. கோடு வந்தது உள்பெட்டியிலிருந்து. தலை ஒருத்தருடையது, உடம்பு இன்னொருத்தருடையது.

"அந்த ஃபார்முலாவைத் தூக்கு. உள்ள இருக்கறதை எழுத்தா மாத்து. நேரா இணை" என்றாள். "முடிச்சிட்டு ஏழு, 7ஏ ரெண்டையும் பாரு. ஒண்ணை மட்டும் பாத்துட்டுத் துள்ளாத."

வெளியே முதலாளியின் குரல் கேட்டது. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். "அந்தக் கடைசிக்கு ஓட்டிக்கங்க... ஆமா, ஏழு ஏ... மெதுவா, பைப்பு இருக்குது பாருங்க."

அக்கா வெளியே போய்விட்டார். லாரிக்கு முன்னால் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஜன்னலில் எனக்கு வாய் அசைவது மட்டும் தெரிந்தது, கை இரண்டும் இடுப்பில் இருந்தது. டிரைவர் இறங்கி, இந்தக் குடும்பச் சண்டையில் எனக்கு என்ன வேலை என்கிற மாதிரி டயரை உதைத்துப் பார்த்தார்.

மாற்றினேன். ஏழின் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தேன். அதே சறுக்கு மரம். அடுத்த பக்கத்தை அழுத்தினேன். பெட்டி ஒரு நொடி வெறுமையாக இருந்தது. பிறகு கோடு வந்தது. இடது பக்கம் ஒன்றும் இல்லாமல், ஆடி மாதத்தில் தரையிலிருந்து முளைத்து, ஏறி, நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுந்து, எழுந்து, மறுபடி ஏறிக்கொண்டே போனது.

அந்த மாதிரி ஒரு கோட்டை அதற்குப் பிறகு நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறவை எல்லாம் வளைந்து நெளிந்து, வண்ணம் மின்னி, தொட்டால் துள்ளுகிறவை. அது வெறும் சிவப்புக் கோடு. யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து தனியாகக் கை தட்டினேன்.

ஆனால் முதலாளிக்குத் திரையைக் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்குப் பேப்பர் வேண்டும். பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கி யுபிஎஸ்ஸில் சொருகினேன். அதன் கீச்சுச் சத்தம் அலறலானது. அந்தப் புதுக் கலர் பிரிண்டர், ஊரில் உள்ள எல்லா அவசரத்தையும் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே செய்வது போல, வரி வரியாக, இந்தப் பக்கம் ஒரு நடை அந்தப் பக்கம் ஒரு நடை என்று தேய்த்தது. ஏழு வந்தது. 7ஏ முக்கால்வாசி வந்தது. கடைசி வரியை அடித்து முடிக்கும்போது யுபிஎஸ் உயிரை விட்டது. பேப்பரைப் பிடித்து இழுத்தேன். கீழ் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தது, கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் வந்த இரண்டு பேப்பரையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

ஓடினேன்.

"ஐயா, ஒரு நிமிசங்க. இது தப்பாப் போச்சுங்க. இதைப் பாருங்க."

அவர் பேப்பரை வாங்கவில்லை. "காத்தால ஒண்ணு குடுத்தீங்க. இப்ப ஒண்ணு குடுக்கறீங்க. என்ற பொண்ணு ஏதாச்சும் சொல்லி மாத்தச் சொல்லிருச்சுங்களா?"

சுருக்கென்றது. அக்காவுக்கு இன்னும் அதிகமாகச் சுருக்கென்றிருக்கும். அவர் காலையில் வந்த இரண்டு பேப்பர்களையும் என் கையிலிருந்து வாங்கி, அப்பா முகத்துக்கு நேராக வெயிலில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்தார்.

"இது ஏழுங்ப்பா. இது ஏழு ஏ. ரெண்டு செட்டுலயும் ஒரே நாள்ல, ஒரே அளவா, ஒரே மாதிரி கோழி முட்டை விடுமுங்களா? நீங்க எத்தன வருசமா கோழி வளக்கறீங்க. நீங்களே சொல்லுங்க."

முதலாளி கண்ணாடியைத் தேடினார். சட்டைப் பையில் இருந்தது. போட்டுக்கொண்டு பார்த்தார். வெயில் பேப்பருக்குப் பின்னாலிருந்து அடித்து, அவர் முகத்தில் அந்தச் சிவப்புக் கோட்டின் நிழல் விழுந்தது என்று சொன்னால் கொஞ்சம் ஓவர்தான். ஆனால் என் ஞாபகத்தில் விழுந்துதான் இருக்கிறது. அக்காவின் விரல் சித்திரை மாதத்தில் இருந்தது.

"சித்திரையில என்ற கோழி முட்டை விட்டுச்சுங்களா?"

"இல்ல" என்றார். அது கோழி வளர்க்கிறவரின் பதில். பேப்பர் பார்க்கிறவரின் பதில் இல்லை.

"புதுசு எங்க?" என்று என்னிடம் கை நீட்டினார்.

கொடுத்தேன். விரலால் தடவிக்கொண்டே போனார். நடுவில் நிறுத்தினார். "இதென்ன குழி?"

நான் செத்தேன் என்று நினைத்தேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"அது தண்ணி மோட்டார் எரிஞ்ச வாரமுங்க. மாத்தலாம் மாத்தலாம்னு நீங்க கல்யாணத்துக்குப் போயிட்டீங்க."

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடி பேப்பரைப் பார்த்தார். கோட்டின் வலது நுனிக்கு வந்து, விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இறங்கறது ஏழா சாமி?" என்று என்னிடம் கேட்டார். மெதுவாக.

"ஆமாங்க."

"ஏழு நான் பாக்கறதுங்க."

"தெரியுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பையில் வைத்தார். டிரைவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங், அந்தக் கடைசிக்கு வேண்டாம். ஏழுக்கு விடுங்க."

அவர் போகும்போது அந்தப் புதுப் பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஏழாவது செட்டின் வாசலில் போய் நின்று, கூண்டு ஏற்றுகிறவர்களை, "பாத்துப் புடிங்க, றெக்கை முறிஞ்சுரும்" என்று அதட்டினார். அக்கா போய்ப் பக்கத்தில் நின்றார். "அடுத்த பேட்சு ஏழுக்கும் நான் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

"மொதல்ல உன்றதப் பாரு அம்மிணி" என்றார் அவர். பிறகு, "காத்தால தீவனம் எத்தன மணிக்குப் போடற?" என்றார்.

நான் அம்மாபேட்டைக்கு ஃபோன் போட்டு, ஜெயித்துவிட்டோம் என்றேன். "ரெண்டு பக்கமும் பாத்தியா?" என்றாள். பார்த்தேன் என்றேன். "சரி, வரும்போது முட்டை வாங்கிட்டு வா" என்று வைத்துவிட்டாள். வாங்கி வந்தேன். பஸ்ஸில் பாதி உடைந்தது. மீதியை அவள் வீட்டில் கொடுத்து, ஆம்லெட் போட்டு எடுத்து வந்தாள். நூல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து தின்றோம். அந்த மூட்டைகள் மாதிரி வசதியான சோபா எனக்கு எந்தப் பெரிய ஆபீஸிலும் அமையவில்லை.

இப்போது அந்த மாடியில் ஆபீஸ் இல்லை, நூல் கடை மேலே ஏறிவிட்டது. அவள் சென்னையில் இருக்கிறாள். எப்போதாவது மெசேஜ் அனுப்புவாள். நான் வேலையில் ஏதாவது பீற்றிக்கொண்டால் "ரெண்டு பக்கமும் பாத்தியா?" என்று ஒரே வரிதான் பதில் வரும்.

அக்காவுடைய பண்ணையில் இன்னும் அதே பழைய ரிப்போர்ட்தான் ஓடுகிறது. புதியது மாட்டித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "வேண்டாங்க தம்பி, இது எனக்குப் பழகிருச்சு" என்பார். இப்போது எல்லாச் செட்டையும் அவர்தான் பார்க்கிறார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு பிரிண்டு பார்ப்பதோடு சரி. தீவன நேரத்தை மட்டும் எல்லாரிடமும் தன்னுடைய கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தபோது அக்காவுக்கு ஃபோன் செய்தேன். புதிதாக ஒரு செட்டு கட்டியிருப்பதாகச் சொன்னார். 7ஏ-வுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் கிடந்த காலி இடத்தில்.

"சூப்பருங்க அக்கா. எட்டாவது செட்டு வந்திருச்சு" என்றேன்.

"எட்டா? அட போங்க தம்பி" என்றார் அக்கா. "ஏழு பி-ன்னு போட்டுருக்கறேன். நல்லாப் போயிட்டிருக்கும்போது எதுக்குங்க வம்பு?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னால் ஒரு குரல், "யாரு, ஆத்தூர்க்காரத் தம்பிங்களா? கலர் பிரிண்டரு இப்பவும் மெதுவாத்தான் அடிக்குதுன்னு சொல்லு" என்றது.

வைத்த கொஞ்ச நேரத்தில் அக்கா ஒரு ஃபோட்டோ அனுப்பினார். பேப்பரின் மேலே 7பி. கோழி வந்த தேதி, கோழிகளின் எண்ணிக்கை, தீவனம். நடுவில் இருந்த பெட்டியில் கோடு இல்லை, வெறும் கட்டம். கீழே எழுதியிருந்தார்: "பொட்டி காலியா வருதுங்க தம்பி. இன்னும் முட்டை விடலை. அப்ப இது சரிதானுங்களே?"

அந்தக் காலிப் பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழின் கோடும் இல்லை, 7ஏ-வின் கோடும் இல்லை.

"ரொம்பச் சரிங்க அக்கா" என்று அனுப்பினேன்.